ஐந்து வருசச் சட்டம்

"அப்பா, என்ரை சீதனக் காணியை எழுதித் தாங்கோ."

பெண்பிள்ளை வாய் திறந்து சீதனம் கேட்கக் கூடாது என்று அம்மா எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். நான் கேட்டேன். அதுவும் ஜெர்மனியில் நாங்கள் இருக்கும் பீலெஃபெல்ட் நகரிலிருந்து அப்பாவைக் கூட்டிவந்த அருங்காட்சியகத்தில், அமெரிக்கப் புல்வெளியில் குடியேறிய ஜெர்மன்காரரின் மண்கட்டி வீட்டுக்குள் நின்று.

அப்பாவின் முகம் மலர்ந்தது. "பட்டம் எடுத்த திமிரிலை சீதனம் வேண்டாம் எண்டு கத்தினனீ. இப்பதான் கலியாணப் புத்தி வந்திருக்கு!"

"இந்தப் பலகையை வாசியுங்கோ. ஐஞ்சு வருசம் இருந்து உழுதால் நிலம் அவைக்கே சொந்தமாம்."

"நல்ல சட்டம். பாடுபட்டவனுக்குத்தானே நிலம்!"

"யாழ்ப்பாணத்திலை எங்கடை காணியிலை கிருசாந்தி அக்கா குடும்பம் கொட்டில் போட்டு, தோட்டம் செய்து முப்பது வருசமா இருக்குது. கிணறும் அவை வெட்டினதுதானே?"

"விசரி! அவையள் ஆர், நாங்கள் ஆர்?" அப்பா குரலைத் தாழ்த்தினார். "நீ யோசியாதை. போன கிழமையே ஆள்விட்டு அவையளைக் காணியாலை எழுப்பிக் கலைச்சுப்போட்டன். கொட்டிலையும் இடிச்சாச்சு. எல்லாம் உன்ரை சீதனத்துக்காகத்தான் பிள்ளை."

மண்சுவரைப் பிடித்துக்கொண்டேன். "எங்கை போனவை?"

"ஆருக்குத் தெரியும்?"

எனக்கு அழுகை வந்தது. கலியாணக் கண்ணீர் என்று நினைத்தாரோ, தலையைத் தடவிவிட்டார்.

"கெதியா, இண்டைக்கே எழுதுங்கோ அப்பா," என்றேன்.

எனக்கு மாப்பிள்ளையும் இல்லை, கலியாணமும் இல்லை. கிருசாந்தி அக்காவின் பெயருக்கு மாற்றிக் கொடுக்கத்தான் அந்தக் காணியைக் கேட்டேன். இனி முதலில் அவர்களைத் தேட வேண்டும்.

அப்பாவை அந்த வீட்டுக்குள்ளேயே விட்டுவிட்டு வெளியே நடந்தேன்.