முன்வரிசை

“காலிறுதிய வீட்டுல வச்சுப் பாக்காண்டாம். திருவனந்தபுரத்துக்குப் போவோம்,” என்றாள் ஜோஸ்னா. சொல்லிக்கொண்டே கணவனின் கைக்கு எட்டாதபடி சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

ஜிஜோவுக்குச் சிரிப்பு வந்தது. போன வாரம் உலகக் கோப்பைக் கால்பந்தில் பிரேசில் கேமரூனிடம் தோற்றபோது அவன் வீசிய ஸ்டீல் செம்பு அவள் தோள்பட்டையில் விழுந்திருந்தது. அதற்கு மேல் முதுகில் மிதியும். முகத்தில் மட்டும் கைவைக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை சபையில் பாட்டுக்குழுவை நடத்துகிறவன் அவன், நாலு பேர் பார்ப்பார்கள். கூட்டத்துக்கு நடுவில் இருந்தால் அடி விழாது என்று நினைக்கிறாள் போலிருக்கிறது, மண்டு.

“ஏன், பாறசாலை கிளப்புல பாத்தா போராதா?”

“அங்க லைட்ட அணச்சுப் போடுவினும். ஒரே இருட்டாக்கும்.”

“நெய்யாற்றின்கரையில ஸ்டாண்டுக்குப் பக்கத்துல ஸ்கிரீன் கெட்டியிருக்கானுவ.”

“அங்க எல்லாரும் நிக்கணும். சிட்டியில மைதானத்துல சுவரளவுக்கு ஸ்கிரீன் உண்டு. எடைக்கிடைக்கு கூட்டத்தையும் கேமராவுல பிடிச்சு அதிலயே காட்டுவினும். குடும்பமா வாறவங்களுக்கு முன்வரிசை.” சற்று நிறுத்திவிட்டு, “அப்பாவையும் கூட்டிட்டுப் போவோம்,” என்றாள்.

ஆஃப்சைடு என்றால் என்னவென்று தெரியாதவள் இவ்வளவு விசாரித்து வைத்திருந்தது ஜிஜோவுக்கு வேடிக்கையாக இருந்தது. மாமா வருவதில் அவனுக்கும் சந்தோஷம்தான். வெள்ளறடையில் ரப்பர் போட்டிருக்கும் பொன்னுதாசுக்கு மருமகன் என்றால் உயிர். ஜோஸ்னா அழுதுகொண்டு அங்கே ஓடிய போதெல்லாம் கையோடு திருப்பிக் கொண்டுவந்து விட்டவர். “அவ கொஞ்சம் கூட்டித்தான் சொல்லுவா மக்கா, நீ மனசுல வைக்காத,” என்று அவனைச் சமாதானம் செய்துவிட்டுத்தான் போவார்.

வெள்ளிக்கிழமை மூவரும் முன்வரிசையில் இருந்தார்கள். ஜிஜோவுக்கும் ஜோஸ்னாவுக்கும் மஞ்சள் ஜெர்சி. செண்டை முழங்க, மைதானம் முழுக்க ஊதுகுழல் அலறியது.

ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. கூடுதல் நேரத்தில் பிரேசில் ஒரு கோல் போட்டதும் ஜிஜோ நாற்காலி மேல் ஏறிக் கத்தினான். முடியப் போகிற நேரத்தில் எதிரணி அதைத் திருப்பிக் கொடுத்தது. பின்னால் அர்ஜென்டினா ஜெர்சியில் இருந்த ஒருவன் விசிலடித்தான்.

ஜிஜோ பாய்ந்துபோய் அவன் சட்டையைப் பிடித்தான். “எலே, பல்லத் தட்டி கையில தந்துருவேன் பாத்துக்க!”

பொன்னுதாஸ் நடுவில் புகுந்து மருமகனை இழுத்து உட்கார வைத்தார். “வேண்டாம் மக்கா. விளையாட்டுல்லா, விடு.”

பெனால்டி வந்தது. பிரேசிலின் கடைசி அடி கம்பத்தில் பட்டுத் தெறித்தபோது மைதானமே ஊமையாகிப் போனது. மஞ்சள் ஜெர்சிக்காரர்கள் தலையில் கைவைத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்த அமைதியில் ஒரே ஒரு ஆள் கைதட்டும் சத்தம் கேட்டது. ஜோஸ்னா எழுந்து நின்று, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டிக்கொண்டிருந்தாள்.

பிரேசில் ஜெர்சியில் இப்படி ஒருத்தியா என்று கேமரா அவள் பக்கம் திரும்பியது. ஜிஜோ கேமராவைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளை மட்டும்தான் பார்த்தான். எங்கே நிற்கிறோம் என்பதே மறந்துபோனது.

“எடீ!”

புறங்கையால் விட்ட அறையில் அவள் நாற்காலியோடு சரிந்தாள். முடியைச் சுற்றிப் பிடித்துத் தூக்கி மறுபடி அறைந்தான். கீழே விழுந்தவளை விலாவில் மிதித்தான். வீட்டில் செய்து பழகிய வரிசை, கையும் காலும் தாமாகவே போயின.

அடுத்த மிதிக்குக் காலைத் தூக்கியபோதுதான் திரையில் சுவரளவுக்குத் தன் செருப்பைக் கண்டான். அதற்குக் கீழே ஜோஸ்னாவின் முகம், உதடு கிழிந்து, ரத்தத்தோடு. கூட்டம் முழுவதும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“பிடியடா அவன!” என்று யாரோ கத்தினார்கள். முதலில் பாய்ந்து அவன் கழுத்தை வளைத்தது அந்த அர்ஜென்டினாக்காரன். நாலைந்து பேர் சேர்ந்து ஜிஜோவை மண்ணோடு அமுக்கினார்கள். அங்கே கிடந்தபடியே அவன் மாமாவைத் தேடினான். பொன்னுதாஸ் திரையையே பார்த்து நின்றார்.

ஜோஸ்னா நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்தாள். அழவில்லை. வாயைத் துடைக்கவும் இல்லை. தகப்பனின் முன்னால் போய் நின்று கேட்டாள்.

“இப்பமாவது நம்புவியளா, அப்பா?”