லம்லி கப்பலேறவில்லை

“என் பேரை அடிச்சிடுங்க டாக்டர். நான் ஊருக்குப் போகலை.”

சார்ஜன்ட் லம்லி இப்படிச் சொன்னதும், போர்க்கைதிகளைச் சோதிக்க வந்திருந்த சுவிஸ் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். இனிமேல் சண்டைக்கு உதவ மாட்டான் என்று தெரிந்த கைதியை ஜெர்மானியர்கள் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். அந்தப் பட்டியலில் சேருவதற்காகச் சோப்பைத் தின்று வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர்கள்கூட எங்கள் முகாமில் உண்டு. இவனுக்கு ஒரு கால் பனியில் அழுகிப்போய் எடுத்தாகிவிட்டது, கேட்காமலே இடம் கிடைத்திருக்கிறது, வேண்டாம் என்கிறான்.

யோசித்து நாளைக்குச் சொல் என்று அனுப்பிவிட்டார் டாக்டர்.

கொட்டகை முழுக்க அவன்மேல் கோபம். நாங்கள் எல்லாரும் டிசம்பரில் பிடிபட்டு வந்த கூட்டம். லம்லி ஒருவன்தான் பழைய ஆள். பெயருக்குத்தான் சார்ஜன்ட், யாரையும் அதட்டி ஒரு வார்த்தை பேசத் தெரியாது. சார்ஜன்ட்களை வெளிவேலைக்கு விடமாட்டார்கள். தப்பி ஓட நினைக்கிற சார்ஜன்ட் ஒரு சிப்பாயோடு பெயர் பொறித்த கழுத்துத் தகட்டை மாற்றிக்கொண்டு, அவன் பெயரில் கிழங்கு வயலுக்குப் போவான். உனக்கு அந்தத் தைரியமெல்லாம் ஏது என்று லம்லியைக் கேலி செய்வோம். சிரித்துக்கொள்வான்.

ஞாயிறு தவறாமல் வேலியோரத்துக் கல்லறைக்கு மட்டும் போய் நிற்பான். ஹோப்டே என்ற சிப்பாயுடையது. அக்டோபரில் வயலிலிருந்து ஓடும்போது சுட்டுவிட்டார்களாம்.

லம்லியின் அம்மாவிடமிருந்து மாதாமாதம் கடிதம் வரும். எங்களுக்கும் படித்துக் காட்டுவான். காலுறை பின்னுவது, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டது, எல்லாம் இருக்கும். தணிக்கைக்காரனுக்குப் புரியட்டும் என்று பதிலை அச்சடித்த மாதிரி பெரிய எழுத்தில் எழுதுவான். கடைசிக் கடிதத்தில், கால் போனவர்களை அனுப்பிவிடுவார்களாமே, லிவர்பூல் துறைமுகத்துக்கே வந்து நிற்பேன் என்று எழுதியிருந்தாள் அந்தம்மா. அதைப் படித்ததிலிருந்து இவன் சூப்பைக்கூடத் தொடவில்லை.

பக்கத்துக் கட்டில் ஸ்டப்ஸ் கெஞ்சிப் பார்த்தான், திட்டிப் பார்த்தான். கடைசியில் அழுதேவிட்டான். அவனுக்கு அம்மா இல்லை.

“உன் கடிதத்தை வச்சுக்கிட்டுத்தான் அவங்க உசிரோட இருக்காங்க. கண்ணால ஒரு தடவை பார்க்கட்டுமேடா.”

“பார்த்தா தெரிஞ்சிடுமே, ஸ்டப்ஸ்.”

“என்ன தெரியும், கால் போனதா? அதான் எழுதிட்டியே.”

லம்லி எங்கள் பக்கம் குனிந்தான். ஸ்டப்ஸுக்கும் அடுத்த கட்டிலில் இருந்த எனக்கும் மட்டும் கேட்கும்படி சொன்னான்.

“என் தகட்டைப் போட்டுக்கிட்டுப் போய் வயல்ல குண்டடி பட்டது அவங்க பிள்ளை. என்னைப் பெத்தவ, ஹோப்டே செத்துட்டான்னு அப்பவே அழுது முடிச்சிட்டா. இவங்க இன்னும் ஆரம்பிக்கலை.”