நாலு விநாடி

"பெட்டியோட தலைமாட்டைக் கொஞ்சம் தூக்குங்க. முகம் தெரியணும்" என்றார் படக்காரர் செபஸ்தியன்.

சவப்பெட்டிக்கு அடியில் பலகை கொடுத்தார்கள். உள்ளே ஸ்டானிஸ்லாஸ், கல்யாணக் கோட்டுடன், தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியுடன் கிடந்தார்.

மலாயாவின் பெக்கோக் பக்க ரப்பர் தோட்டத்தில் வாந்திபேதி என்று கேள்விப்பட்டதிலிருந்து ஜப்பான்காரர்கள் லயத்துக்குள் கால் வைப்பதில்லை. சாவு விழுந்தால் ஆபீசுக்குப் படம் போக வேண்டும். பார்த்த பிறகே சயாம் ரயில் பாதை வேலைக்குப் போகிறவர்களின் பட்டியலிலிருந்து பெயரை அடித்து நீக்குவார்கள். அடிக்காவிட்டால் அதே வீட்டிலிருந்து வேறொருவர் மாலை லாரியில் ஏற வேண்டும். அந்த வீட்டில் மீதி இருந்தது மனைவி சூசையம்மாள் மட்டும்தான்.

"வெளிச்சம் பத்தாது. லென்ஸை நாலு விநாடி தொறந்து வைக்கப் போறேன், யாரும் ஆடக்கூடாது. வினிஃப்ரெட் அக்கா, நெஞ்சுல அடிச்சிக்காதீங்க லா! படத்துல நாலு கை விழும்."

பக்கத்து வீட்டு வினிஃப்ரெட் கையை இறக்கினாள். கடைசி நேரத்தில் சூசையம்மாள் ஓடிவந்து, தன் ஜெபமாலையைக் கணவரின் மார்பில் வைத்தாள். கறுப்புக் கோட்டின்மேல் வெள்ளிச் சிலுவை மின்னியது.

செபஸ்தியன் லென்ஸ் மூடியைக் கழற்றி எண்ணினார்.

மூன்று மணிக்கு, ஈரம் காயாத படத்துடன் செபஸ்தியனும் சூசையம்மாளும் ஆபீசில் நின்றார்கள். பட்டியல் எழுதுகிறவர் கிராணி லெட்சுமணன். சொந்தத் தம்பியின் பெயரையே எழுதிக் கொடுத்தவர் என்று லயத்தில் காறித் துப்புவார்கள். அந்த முறை போன நாற்பது பேரில் தம்பி உட்பட ஒருவரும் திரும்பவில்லை.

வராந்தாவில் சோல்ஜரின் பூட்ஸ் போவதும் வருவதுமாக இருந்தது.

"எப்பப் போனான்?"

"விடிகாலையிலங்க."

லெட்சுமணன் பூதக்கண்ணாடியை எடுத்தார். போருக்கு முன் அவரும் கேமரா வைத்திருந்தவர். கண்ணாடி மெழுகுவர்த்தியின் மேல் நகர்ந்தது, வினிஃப்ரெட்டின் மேல் நகர்ந்தது, பெட்டிக்கு வந்து நின்றது. அங்கேயே நின்றது.

"எத்தனை விநாடி வச்சீங்க?"

"நாலுங்க" என்றார் செபஸ்தியன்.

"படம் பிடிக்காத தகடு இன்னும் இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணுதாங்க."

கிராணி எழுந்து கதவைச் சாத்தினார். படத்தை இரண்டாகக் கிழித்துத் தன் சட்டைப் பைக்குள் திணித்தார். சூசையம்மாள் அவர் காலைப் பிடிக்கக் குனிந்தாள். அவர் அவளைத் தடுத்து, பூட்ஸ் சத்தம் தூரம் போகும்வரை காத்திருந்தார்.

"படத்துல சிலுவை கலங்கித் தெரியுது. செத்தவன் நெஞ்சுல சிலுவை ஏறி எறங்காதும்மா. அதை எடுத்துட்டு, அஞ்சு மணிக்குள்ள வேற படம் கொண்டாங்க."