வெறும் அல்சர்

“வெறும் அல்சருக்கு இன்னா அலம்பல் பண்றய்யா நீ! கஞ்சியக் குடிச்சிட்டு சும்மா கெட!”

நாகவல்லியின் குரல் பாடி மேம்பாலம் வரைக்கும் கேட்டிருக்கும். கஜபதி கஞ்சியைக் குடித்தார்.

மருமகள் சுரேகாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மாமனாருக்கு வந்திருப்பது அல்சர் இல்லை, வயிற்றில் புற்றுநோய். அது அவளுக்கும் அவள் கணவன் தினேஷுக்கும்தான் தெரியும். பெரியவர்கள் இரண்டு பேரிடமும் அல்சர் என்றே சொல்லி வைத்திருந்தார்கள்.

“தெரியாமத்தான் பேசுறாங்க, சரி. அதுக்காக வலியில இருக்கிற மனுஷனை இப்படியா? உங்கம்மாவுக்கு ஈவு இரக்கமே கிடையாதுங்க.”

“விடு சுரேகா. முதல்ல ரிசல்ட் வரட்டும்.”

கட்டியிலிருந்து எடுத்த சதையில் ஹெர்-டூ என்ற புரதம் இருக்கிறதா என்று சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது நிறைய இருந்தால், அதையே குறிவைத்துத் தாக்கும் மருந்து உண்டு. ஆயுசு கொஞ்சம் நீளும். இல்லையென்றால் வழிகள் குறைவு என்று டாக்டர் சொல்லியிருந்தார். எதுவானாலும் ரிசல்ட் வந்ததும் பெரியவரிடம் தானே பேசுவதாகவும் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை காலை ஃபோன் வந்தது. தினேஷ் அதை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடினான். இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கி வந்து, சுரேகாவின் கையைப் பிடித்து ஒரு சுற்று சுற்றி, அவள் காதோடு சொன்னான்.

“இருக்கு சுரேகா! நிறைய இருக்காம்! மருந்து நல்லா வேலை செய்ய வாய்ப்பிருக்காம்! டாக்டருக்கே குஷி! திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு. அவரே பக்குவமா சொல்லிடறாராம்!”

“இன்னாடா ஆட்டம்?” கஜபதி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“புரமோஷன்பா! புரமோஷன்!”

வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு அம்பத்தூருக்குப் பறந்தான். மைசூர்பாகோடு திரும்பினான். கஜபதி ஆசையாக ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார்.

“யோவ், அல்சர வச்சிகினு இனிப்பா? கொஞ்சமாச்சும் அறிவு கீதா உனக்கு?” கத்திவிட்டு சமையலறைக்குள் போனாள் நாகவல்லி.

சுரேகாவால் பொறுக்க முடியவில்லை. பின்னாலேயே போனாள்.

“அத்தை, இன்னிக்கு ஒரு நாளாவது மாமாவைத் திட்டாம இருங்களேன்!”

நாகவல்லி கதவைச் சாத்தினாள். மருமகளின் இரண்டு தோளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“அந்தப் புரோட்டீன் கீதுன்னு சொல்ட்டாங்களா? அதான் அவன் இந்தக் குதி குதிக்கிறானா?”

“அத்தை... உங்களுக்கு எப்படி...?”

“சதை எடுத்தாங்களே, அன்னிக்கே டாக்டராண்ட தனியா கேட்டுட்டேன்டி.” நாகவல்லி சிரித்தாள், கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டியது.

“எல்லாம் தெரிஞ்சுமா அவரை இப்படித் திட்டுறீங்க?”

“டாக்டர் சொல்ற வரைக்குமாச்சும் அவரு நிம்மதியா தூங்கட்டும்டி. முப்பது வருசமா திட்டிகினே கீறவ திடீர்னு கொஞ்சினா, அந்த மனுசனுக்கு அப்பவே தெரிஞ்சிடாதா?”