மூன்றாவது மூச்சு

ஓசூரின் அந்த அடுக்குமாடியில், வீடுகளில் விடும் மூச்சுக்காற்று குழாய் வழியே கீழ்த்தளத்துப் பசுமைக்குடிலுக்குப் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரிசைக் குடைமிளகாய். மூச்சு கூடினால் காய்ப்பும் கூடும். இந்த மாதம் இலக்கியா வீட்டு வரிசை மட்டும் கண்ணைப் பறிக்கிற மாதிரி தழைத்து நின்றது.

அடுத்த வீட்டு ஃபிலோமினா மாங்காயும் மல்லிகைப்பூவுமாக வந்துவிட்டாள்.

"ரெண்டு பேர் மூச்சுக்கு இப்படி வளராதே. என்ன, விசேஷமா?"

இலக்கியா தலையைக் குனிந்துகொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று நினைத்து ஃபிலோமினாவே பூவை வைத்துவிட்டாள்.

"மாமனார்கிட்ட சொல்லிட்டியா? மூத்த மகன் வீட்டுல இருக்காருன்னு சொன்னியே. கேட்டா ஓடி வந்துருவாரு."

"சொல்லணும்க்கா."

இலக்கியா கதவைச் சாத்தித் தாழிட்டாள். பக்கவாதத்தில் வாய் கோணிப்போன மாமனாரை வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதென்று அவளும் கணவனும் சேர்ந்து சொன்ன பொய்தான் அந்த மூத்த மகன் வீடு.

பின்னறையிலிருந்து மாமனாரின் குரல் குழறலாக வந்தது.

"அவங்க போயிட்டாங்களாம்மா? இப்ப இருமலாமா?"