ஐந்தாம் இலக்கம்

கண்டியில் மத்தியானத் தூறல் நின்றதும் கூடைப்பந்துத் திடலின் சீமெந்துத் தரை வெயிலில் ஆவி விடுகிறது. இன்று நடுவர் பயிற்சியின் கடைசிச் சோதனை. கோகிலவாணி விசிலை ஊதி, முஷ்டியை உயர்த்தியபடி புள்ளி குறிக்கும் மேசைக்கு எதிரே வந்து நிற்கிறாள். பந்து வைத்திருந்த பிள்ளையின் கையில் அடித்தவள் ஐந்தாம் இலக்கக்காரி. கோகிலவாணி தெளிவாகவே பார்த்தாள். தவறு செய்தவளின் இலக்கத்தை விரல்களால் காட்ட வலக்கையை விரிக்கிறாள். சுண்டுவிரல் இருக்க வேண்டிய இடத்தில் பளபளப்பான ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. கம்பளைப் பக்கத்துத் தோட்டத்தில் தேயிலை மெஷின் கொண்டுபோன விரல் அது. கோட்டுக்கு வெளியே யாரோ களுக்கென்று சிரிக்கிறார்கள். "அஞ்சு, சேர்," என்கிறாள். பயிற்றுநர் ராஜரத்தினம் தொப்பியைச் சரிசெய்துகொள்கிறார். "மேசைக்கு வாயால சொல்லுறதில்லை, பிள்ளை. கையால காட்டும்." அவள் இடக்கையைத் தூக்குகிறாள். "வலக்கை. புத்தகத்தில அப்பிடித்தான் கிடக்கு." மறுபடியும் வலக்கை உயர்கிறது, நாலு விரலோடு. அவர் மேசைப் பக்கம் திரும்புகிறார். "எத்தனை தெரியுது?" மேசையில் தவறுகளைக் குறிப்பவள் மடவளையிலிருந்து வந்த றலியா, சற்றுமுன் தன் சோற்றுப் பார்சலில் பாதியைக் கோகிலவாணிக்குக் கொடுத்தவள். அவளுக்கும் இன்றுதான் சோதனை. பேனையை உருட்டுகிறாள், தோழியைப் பார்க்காமல். "நாலு, சேர்." "அப்ப நாலுக்கு எழுதும்." நான்காம் இலக்கப் பிள்ளைக்கு அது ஐந்தாவது தவறு, ஆட்டத்தை விட்டுப் போக வேண்டியதுதான். ஒன்றும் செய்யாத அந்தப் பிள்ளை கண்ணைத் துடைத்தபடி வெளியே நடக்கிறாள். ஐந்தாம் இலக்கக்காரி சிரித்துக்கொண்டே கோகிலவாணியைக் கடந்து போகிறாள். போகிற போக்கில் அவள் முகத்துக்கு நேரே தன் வலக்கையை விரித்துப் பிடிக்கிறாள், ஐந்து விரலும் முழுசாக.