ஜோதி அக்காவின் இடுப்பு வலி

"இந்த அக்காவை நம்பிக் கெளம்புனா கொல்லிமலை உச்சிக்குப் போய்ச் சேர்ந்த மாதிரிதான்!"

கவின் ஹெல்மெட்டுக்குள்ளேயே முணுமுணுத்தான். முன்னால் போன ஜோதி அக்கா மறுபடியும் கையைத் தூக்கிவிட்டாள். பின்னால் வந்த பைக்குகள் எல்லாம் ஓரங்கட்டின.

"மன்னிச்சுக்கங்கப்பா. இந்தப் பாழாப்போன இடுப்பு புடிச்சுக்கிச்சு. செத்த நேரம் நின்னு போலாம்."

ஜோதி அக்கா திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் லாரிக்கு ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் இந்த பைக் கூட்டத்துக்குத் தலைவி. காலையில் புதுச்சத்திரம் டீக்கடையில் எல்லோரும் சேர்ந்தபோதே கறாராகச் சொல்லிவிட்டாள்.

"யாருக்கு முடியலைன்னாலும் கையைத் தூக்குங்க. எல்லாரும் நிப்போம். ஏன்னு ஒருத்தரும் கேக்கப்படாது."

கையைத் தூக்குவதாவது! புது பைக் வாங்கி, இந்தக் கூட்டத்தோடு முதல் தடவையாக வருகிறான் கவின். நாலு பேர் பார்க்கக் கையைத் தூக்கினால் மானம் என்னாவது? அதுவும் அக்கா அவனைத் தனக்கு அடுத்து, இரண்டாவதாக வரச் சொல்லியிருக்கிறாள். தளபதி இடமல்லவா அது! கடைசியில் உருட்டிக்கொண்டு வரும் அப்புசாமி அண்ணனை நினைத்தால்தான் அவனுக்குப் பாவமாக இருந்தது.

மறுபடியும் கிளம்பினார்கள். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் கவின் திணறினான். ஒரு வளைவில் வேகத்தை அடக்க முடியாமல் வண்டி வலது பக்கம் போய்விட்டது. எதிரே பஸ்! ஹாரன் அலறியது. எப்படியோ ஒடித்துத் திருப்பினான். டிரைவர் வண்டை வண்டையாகத் திட்டிவிட்டுப் போனார்.

கையைத் தூக்கிவிடலாமா? சேச்சே!

நல்லவேளை, கொஞ்ச தூரத்திலேயே அக்காவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"ஏனுங்கக்கா, உடம்பு முடியலைன்னா ஊட்டுல இருந்திருக்கலாமில்லீங்க?" என்றான் கவின், தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தபடி.

அக்கா சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை மாட்டினாள்.

ஒருவழியாக உச்சிக்குப் போய் அன்னாசிப்பழம் வாங்கித் தின்றார்கள். கவினுக்குத் தாராள மனசு வந்துவிட்டது.

"அப்புசாமியண்ணா, எறங்கறப்போ ரெண்டாவதா நீங்க வாங்க. கடைசியா நான் வாரேன். பாவம், நீங்களும் எத்தனை நேரந்தான் பின்னாடியே வருவீங்க?"

அப்புசாமிக்குப் புரையேறிவிட்டது.

"கடைசி ஆளு நல்லா ஓட்டறவனா இருக்கோணும் சாமி. எவனாச்சும் உழுந்தா தூக்கோணுமில்ல? ரெண்டாவது எடம் புதுசா வாரவங்களுக்கு. அக்கா கண்ணாடியில உன்னையப் பார்த்துப் பார்த்துத்தான் வேகத்தைக் கூட்டறதும் கொறைக்கறதும்."

கவின் கையிலிருந்த அன்னாசித் துண்டைக் கீழே வைத்தான். அப்படியானால் இத்தனை பேரும் இவ்வளவு மெதுவாக வந்தது...

வண்டியை எடுத்துக்கொண்டு போய் இரண்டாவது இடத்திலேயே நின்றுகொண்டான்.

இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது. எதிரே வந்த அந்த பஸ் கண்ணுக்குள்ளேயே நின்றது. மானமாவது, மண்ணாவது!

கவின் கையைத் தூக்கினான்.

எல்லா வண்டிகளும் நின்றன. ஒருத்தரும் ஏனென்று கேட்கவில்லை. பாதி பேர் "அப்பாடா" என்று இறங்கிச் சோம்பல் முறித்தார்கள். கவினுக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது. மலையைச் சுற்றிப் பார்க்கவே அவனுக்கு அப்போதுதான் தோன்றியது.

நடந்து போய் அக்கா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தப்பா பேசிட்டனுங்கக்கா. இப்ப இடுப்பு எப்படிங்க இருக்குது? வலி தேவலையா?"

ஜோதி அக்கா அவன் முதுகில் ஒன்று வைத்தாள்.

"நீதான் கையைத் தூக்கக் கத்துக்கிட்டியே சாமி. இனி எனக்கு எதுக்கு இடுப்பு வலிக்கோணும்?"